எவரெட் ஹாக்கி அரங்கு: வலைக்குப் பின்னால் ஐந்தாவது வரிசை

அமெரிக்காவில் சியாட்டிலுக்குப் பக்கத்து எவரெட்டில் ஐஸ் ஹாக்கி பார்க்கப் போகிறீர்கள் என்றால் நடுக்கோட்டுக்கு நேரான இருக்கை கேட்காதீர்கள். கோல் வலைக்குப் பின்னால், கண்ணாடியிலிருந்து நாலைந்து வரிசை மேலே கேளுங்கள். அதிலும் சொந்த அணியின் கோல்கீப்பர் முதல் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் நிற்கிற பக்கம். ஆட்டம் இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் பக்கம் மாறுவார்கள். சரியான பக்கம் கிடைத்துவிட்டால் நாற்பது நிமிடம் அவர் உங்கள் கண்ணெதிரில்தான். எந்தப் பக்கம் என்று கவுண்டரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

2018 அக்டோபரில் வேலையிடத்து நண்பர் ஒருவர் தன்னால் போக முடியவில்லை என்று மூன்று டிக்கெட் கொடுத்தார். நாங்கள் உட்கார்ந்தது அந்த இடத்தில்தான். பந்துக்குப் பதிலாக அடிக்கிற பக் என்னும் ரப்பர் வட்டு எங்கே போகிறதென்றே எனக்குப் பிடிபடவில்லை. அதனால் கோல்கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் நாலு வருஷம் விக்கெட் கீப்பராக நின்றவன் நான். கண் தானாக அங்கேதான் போகும்.

அன்றைக்கு நின்றது டஸ்டின் வுல்ஃப். பதினேழு வயது. பிறந்தது கலிபோர்னியாவில், பூண்டுக்குப் பேர்போன கில்ராய் ஊரில். முந்தைய சீசனில் இதே எவரெட் சில்வர்டிப்ஸ் அணியில் கார்ட்டர் ஹார்ட்டுக்கு மாற்றாக பெஞ்சில் இருந்தவன். ஹார்ட் மேல் மட்டத்துக்குப் போனதும் வலை இவன் கைக்கு வந்தது. வுல்ஃப் என்றால் ஓநாய் என்று சொல்லிக்கொடுத்தேன். ஆறு வயது மகளுக்கு அன்றிலிருந்து அவன் "ஓநாய் அண்ணா".

வலைக்குப் பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும், அவன் எவ்வளவு சின்ன உருவம் என்று. வலை ஆறடி அகலம், நாலடி உயரம். வாட்டசாட்டமான கோல்கீப்பர் முழங்காலிட்டாலே பாதி வலை மூடிவிடும். இவனுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் பக் அடிக்கப்படுகிற நேரத்தில் இவன் ஏற்கெனவே அங்கே போய் நின்றிருப்பான். ஒருமுறை எதிரணியார் இருவர் எங்கள் பக்கம் பாய்ந்து வந்தார்கள். தடுக்க ஒரே ஒருவன். இடதுபக்கக்காரன் அடிப்பதுபோல மட்டையைத் தூக்கி, குறுக்கே தள்ளிவிட்டான். அரங்கமே கோல் என்று மூச்சை இழுத்தது. வுல்ஃப் பதறிப் பாயவில்லை. பின்கால் ஸ்கேட்டின் விளிம்பை ஐஸில் ஊன்றி ஒரே உந்து; வலப்பக்கம் போய் முழங்காலிட்ட பிறகுதான் பக் வந்து மார்பில் பட்டது. தலை மட்டும் முதலிலேயே திரும்பிவிட்டது. லெக் சைடில் பந்து போவதற்கு முன்பே பாதம் நகர்த்தும் நல்ல கீப்பருக்கு இருக்கிற அதே கண். தொலைக்காட்சியில் காமரா பக்கின் பின்னால் ஓடுவதால் இந்தத் தலைத்திருப்பல் தெரிவதே இல்லை.

அந்த சீசன் முடிவில் அவன் கணக்கு 41 வெற்றி. ஆட்டத்துக்குச் சராசரியாக விட்டது 1.69 கோல், வந்ததில் தடுத்தது 93.6 சதவீதம். ஹாக்கியின் உச்ச லீக்கான என்ஹெச்எல்லின் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2019 டிராஃப்டில் முதல் நூறுக்குள் வந்துவிடுவான் என்று நினைத்தேன். மகளோடு உட்கார்ந்து போனில் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மொத்தம் 217 பேர். கால்கரி ஃபிளேம்ஸ் அவன் பெயரைச் சொன்னது 214ஆவதாக. கோல்கீப்பருக்கு ஆறடி உயரம் போதாது என்பதுதான் காரணம். எனக்கு அன்று உண்மையாகவே கோபம் வந்தது. எங்கள் வரிசையில் உட்கார்ந்து மூன்று ஆட்டம் பார்த்திருந்தால் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

அதன் பிறகும் அவன் எவரெட்டுக்கே திரும்பி வந்து ஆடினான். 2020, 2021 இரண்டு ஆண்டும் எவரெட் ஆடும் இளையோர் லீக்கின் சிறந்த கோல்கீப்பர் அவன்தான். கொரோனாவால் சுருங்கிப்போன கடைசி சீசனை மட்டும் நாங்கள் வீட்டிலிருந்தபடிதான் பின்தொடர்ந்தோம். அடுத்த படியான அமெரிக்கன் ஹாக்கி லீக்கில் 2022, 2023 இரண்டிலும் மறுபடி சிறந்த கோல்கீப்பர். 2023இல் லீக்கின் சிறந்த வீரரும் அவனே. 2023 ஏப்ரல் 12 அன்று என்ஹெச்எல்லில் முதல் ஆட்டம், அதுவும் அவன் பிறந்த ஊருக்குப் பக்கத்து சான் ஹோசே அணியை எதிர்த்து, 3-1 வெற்றி. 2024-25 சீசனில் 29 வெற்றி, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம்.

இனி அரங்கு. ஹெவிட் அவென்யூவில் இருக்கிறது, பெயர் ஏஞ்சல் ஆஃப் த விண்ட்ஸ். 2003இல் திறந்தது, எட்டாயிரம் பேர் சுமாராக உட்காரலாம். இந்த அளவுதான் இதன் பெரிய சிறப்பு. ஸ்கேட் ஐஸைக் கீறும் ஓசையும், கோல்கீப்பர் தன் ஆட்களுக்குக் குரல் கொடுப்பதும் காதில் விழும். சியாட்டிலில் என்ஹெச்எல் அணியான கிராக்கனின் ஆட்டத்துக்கு ஒருவருக்கு நாங்கள் கொடுத்த தொகையில் இங்கே மூவரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை ஐ-5 நெடுஞ்சாலை நெரிசலைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். பயிற்சிக்காக ஐஸில் இறங்கும் நேரத்திலேயே உள்ளே இருந்துவிட வேண்டும். கோல்கீப்பர் தன் வலைக் கம்பங்களை மட்டையால் தட்டித் தட்டி இடம் பார்த்துக்கொள்வதை ஆட்டத்தின்போது நிதானமாகப் பார்க்க முடியாது.

டிக்கெட்டை கவுண்டரிலேயே வாங்குங்கள். மறுவிற்பனை ஆப் ஒன்றில் வாங்கி, கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் என்று நல்ல தொகையை ஒருமுறை இழந்திருக்கிறேன். வலைக்குப் பின்னால் பார்வையாளருக்காகத் தொங்கவிட்டிருக்கும் பாதுகாப்பு வலை முதல் பத்து நிமிடம் கண்ணை உறுத்தும், பிறகு தெரியாது. 2002இல் ஒரு சிறுமி பக் பட்டு இறந்த பிறகு என்ஹெச்எல் இதைக் கட்டாயமாக்கியது, அதனால் அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. சைவம் என்றால் உருளை வறுவல், சோளப்பொரி. நாங்கள் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். இந்த விளையாட்டில் கைகலப்பு வரும். ஆடுவதோ பதினாறிலிருந்து இருபது வயதுப் பிள்ளைகள். எனக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் மகளிடம் பேச்சுக் கொடுத்துவிடுவேன்.

மகளுக்கு இப்போது பதிமூன்று. பக்கத்து ரிங்க்கில் அவளே பேடு கட்டி வலையில் நிற்கிறாள். போன வாரம் இடைவேளையில் என் தோளைத் தட்டி, "அப்பா, இந்தப் புது கோல்கீப்பர் தலையைத் திருப்பறதுக்கு முன்னாடியே காலைத் தள்ளிடறார், கவனிச்சீங்களா?" என்றாள். நான் கவனித்திருக்கவில்லை. மூன்றாம் பகுதி முழுக்க அதையே பார்த்தேன். அவள் சொன்னது சரி.

டிசம்பரில் டெடி பியர் ஆட்டம் வரும். சொந்த அணி முதல் கோல் போட்டதும் எல்லோரும் பொம்மைகளை ஐஸில் எறிவார்கள். எல்லாம் குழந்தைகளுக்குப் போகும். அதற்கு மட்டும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் வந்தால் கம்பளிக் குல்லாயும் கையுறையும் வேண்டும்.