வேலை போனால் மூன்று ஈஎம்ஐ கட்டுவோம் என்ற பாலிசி

வீட்டுக் கடனோடு சேர்த்து 'வேலை இழப்புக் காப்பீடு' என்று ஒன்றை உங்கள் தலையில் கட்டியிருந்தால், இதைப் படித்துவிட்டு அந்தப் பாலிசிக் காகிதத்தைத் தேடி எடுங்கள். ஐடியில் இருப்பவர்கள் முக்கியமாக. எனக்கு 2023இல் வேலை போனது. காப்பீடு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. நான் வேலையை இழக்கவில்லையாம், நானாகவே விட்டுவிட்டேனாம். அப்படி எழுதி வாங்கியது நான் வேலை பார்த்த கம்பெனி, அதைக் காட்டிக் கையை விரித்தது காப்பீட்டு நிறுவனம். இரண்டு பேருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. ஏதோ ஒரு கம்பெனியின் கெட்ட பழக்கம் என்று நினைத்து நீங்கள் நிம்மதியாகிவிடக் கூடாது.

இத்தனை நாள் கழித்து இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஆட்களில் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்ததிலிருந்து பழைய நண்பர்களிடமிருந்து ஃபோன் வந்துகொண்டே இருக்கிறது. (நான் இருந்தது அங்கே இல்லை.) "ஹெச்ஆர் கூப்பிட்டிருக்காங்க, என்ன செய்ய?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

முதலில் பாலிசி வந்த கதை. 2021இல் சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஃப்ளாட் பார்த்தோம். அப்போது ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம், வீட்டுக் கடன் 6.7க்குக் கிடைத்தது. 45 லட்சம் கடன், 20 ஆண்டு, ஈஎம்ஐ சுமார் 34,000. கடன் அனுமதியாகி, பில்டருக்குப் பணம் கட்ட வேண்டிய கெடு நெருங்கிய நேரத்தில்தான் வங்கிக்காரர் அந்தப் படிவத்தை எடுத்து வைத்தார். "மேடம், இது எல்லாரும் போடறதுதான். கேன்சர், ஹார்ட் அட்டாக், விபத்து எல்லாம் கவர் ஆகும். வேலை போச்சுன்னா மூணு மாசம் ஈஎம்ஐ நாங்க கட்டிடுவோம். ஐடில இருக்கீங்க, உங்களுக்கு இது ரொம்ப அவசியம்." வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று என் கணவர் கேட்டார். "ஃபைல் மறுபடி மேல போகணும் சார், லேட் ஆகும்" என்று பதில் வந்தது.

இப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரமே கிடையாது. எங்களிடம் காப்பீடு எடுத்தால்தான் கடன் என்று எந்த வங்கியும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அவர் கட்டாயம் என்ற வார்த்தையை ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். லேட் ஆகும் என்று மட்டும் சொன்னார். பில்டரின் கெடு கழுத்தைப் பிடிக்கும்போது அது போதும்.

பிரீமியம் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அதையும் கையிலிருந்து கேட்கவில்லை, கடனிலேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் வலிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 லட்சம் பிரீமியம் கடனோடு சேர்ந்து 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டு ஓடினால், நாம் கட்டி முடிப்பது சுமார் 2 லட்சத்து 8 ஆயிரம். பாலிசியோ 5 ஆண்டுக்குத்தான். பாலிசி காலாவதியான பிறகும் 15 ஆண்டு அதற்கு வட்டி கட்டிக்கொண்டிருப்போம்.

அப்புறம் நிலவரம் மாறியது. 2022 மே மாதத்தில் ஏறத் தொடங்கிய ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்துக்குப் போனது. எங்கள் ஈஎம்ஐ 34,000த்திலிருந்து 41,000 பக்கம் வந்தது. அதே காலத்தில்தான் மெட்டா 11,000 பேர், கூகுள் 12,000 பேர் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்தார்கள், எங்கள் பிராஜெக்ட் பாதியில் நின்றது. வட்டி ஏறுவதும் வேலை போவதும் தனித்தனியாக வருவதில்லை. பணத்தை இறுக்கினால் இரண்டும் ஒரே வருஷத்தில் வந்து சேரும்.

ஆறு வருஷம் இருந்த கம்பெனி. பிராஜெக்ட் எதுவும் தராமல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், பிறகு ஒருநாள் 'கலந்துரையாடல்' என்று காலண்டரில் அழைப்பு வந்தது. உள்ளே போனால் மேனேஜர் மடிக்கணினித் திரையைப் பார்த்தபடியே இருந்தார், பேசியது முழுக்க ஹெச்ஆர். "டெர்மினேஷன்னு லெட்டர் வந்தா அடுத்த கம்பெனில பேக்ரவுண்ட் செக்ல மாட்டும். ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் க்ளீனா வந்துடும், ரெண்டு மாச சம்பளமும் குடுத்துடறோம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." யோசிக்க ஒருநாள் கேட்டேன். இன்று சாயங்காலம் வரைக்கும்தான் இந்த ஆஃபர் என்றார். யாருக்கும் ஃபோன் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார்.

ராஜினாமாவைப் போர்ட்டலில் போட வேண்டும். காரணம் என்ற இடத்தில் நாமாக எதுவும் எழுத முடியாது, பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். சொந்தக் காரணம், மேல்படிப்பு, நல்ல வாய்ப்பு, இடமாற்றம், திருமணம். கம்பெனி போகச் சொன்னது என்று ஒன்று இல்லை. பட்டியலில் இல்லையே என்று கேட்டேன். "சொந்தக் காரணம்னே போடுங்க, அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க."

காப்பீட்டு நிறுவனம் பார்த்தது. அது அதை மட்டும்தான் பார்த்தது.

என் பாலிசியின் அந்தப் பகுதியை இப்போது மனப்பாடமாகச் சொல்வேன். வேலையிலிருந்து கம்பெனி நீக்கியிருக்க வேண்டும், நீக்கியதற்கான கடிதம் வேண்டும். தானாக ராஜினாமா செய்தால் கிடையாது. திறமைக் குறைவு என்று நீக்கினாலும் கிடையாது, ஒழுங்கு நடவடிக்கை என்றாலும் கிடையாது. தகுதிகாண் காலத்தில் போனால் கிடையாது, விருப்ப ஓய்வுத் திட்டம் கிடையாது, சொந்தத் தொழில் செய்பவருக்கு எப்போதும் கிடையாது. நம் ஊர் கம்பெனிகள் ஆட்களை எந்த எந்த வழியில் அனுப்புகின்றன என்று உட்கார்ந்து பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் விலக்கி எழுதியது போல இருக்கும். மிச்சம் இருப்பது ஒரே வழி: உன் பணியிடம் இனி இல்லை, உன்னை ஆட்குறைப்பு செய்கிறோம் என்று கம்பெனி தன் கையால் எழுதித் தருவது. அதைத்தான் அவர்கள் எழுதவே மாட்டார்கள்.

ஏன் மாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டப்படி, ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, ஆனாலும் 15 நாள் கணக்கு அதிலும் இருக்கிறது. என் ஆறு வருஷத்துக்கு அது மூன்று மாதச் சம்பளம், நோட்டீஸ் தனி. நானாகப் போனால் இந்த இழப்பீடே கிடையாது. 'லீட்' (குழுத் தலைவர்) என்று பட்டம் இருந்தால் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்று ஹெச்ஆர் சொல்வார்கள். பட்டத்தை வைத்து முடிவாவதில்லை, உண்மையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவாகும்.

கிராஜுவிட்டியை (பணிக்கொடை) காட்டியும் பயமுறுத்துவார்கள். டெர்மினேட் ஆனால் அது போய்விடும் என்று என் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். சுத்தப் பொய். ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, ராஜினாமா செய்தாலும் ஆட்குறைப்பில் போனாலும் கிராஜுவிட்டி உண்டு. கம்பெனிக்கு நஷ்டம் உண்டாக்கியது, அடிதடி போன்ற காரணத்துக்காக நீக்கினால்தான் அதில் கை வைக்க முடியும். ஆள் அதிகம் என்று அனுப்புவது அதில் சேராது.

அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அதே நாள், அதே அறை, அதே பேச்சு. அவர் போர்ட்டலைத் திறக்கவே இல்லை. "நான் ரிசைன் பண்ணலை. போகச் சொல்றதா இருந்தா லெட்டர் குடுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சண்டை போடவில்லை, குரல் உயர்த்தவில்லை. வீட்டுக்குப் போனதும், நடந்த பேச்சை அப்படியே தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து ஹெச்ஆருக்கு எழுதி, 'இன்று என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்கு விருப்பமில்லை என்று தெரிவித்தேன்' என்று பதிவு செய்துவிட்டார். கொஞ்ச நாள் அவரை இழுத்தடித்தார்கள், சிஸ்டம் அணுகலை நிறுத்தினார்கள். கடைசியில் 'பணியிடம் நீக்கப்பட்டது' என்ற ஒரு வரியோடு கடிதம் வந்தது. அவருக்கும் வேறு வங்கியில் இதே மாதிரி பாலிசி இருந்தது. அந்த ஒரு வரியை வைத்து மூன்று ஈஎம்ஐயும் வாங்கினார். பேக்ரவுண்ட் செக்கில் மாட்டும் என்றார்களே, அடுத்த கம்பெனியில் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

என் கோரிக்கை மறுக்கப்பட்ட பிறகு நான் விடவில்லை. ஹெச்ஆர் அனுப்பிய காலண்டர் அழைப்பு, முந்தைய வருஷ அப்ரைசல் கடிதம், பிராஜெக்ட் மூடப்பட்டதாக வந்த அறிவிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். அச்சடித்தது போல் அதே பதில். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் போட்டேன். அங்கிருந்தும் புகார் அதே நிறுவனத்துக்குத்தான் போகிறது, அதே பதில்தான் திரும்பி வருகிறது.

அடுத்து காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். இந்த வழி நல்ல வழி, பயன்படுத்துங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவே முடியாது, நாமே பேசலாம். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும், அவர்கள் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ இங்கே வரலாம். மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் வந்துவிட வேண்டும். என் விஷயத்தில் பொறுமையாகக் கேட்டார்கள், ஆனால் தீர்ப்பு எனக்கு எதிராகத்தான் வந்தது. என் பெயரில், என் லாகினிலிருந்து, சொந்தக் காரணம் என்று பதிவான ராஜினாமா இருக்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? அதைக் கட்டாயப்படுத்தி வாங்கினார்களா என்பது கம்பெனிக்கும் எனக்கும் உள்ள வழக்கு, அது தொழிலாளர் துறைப் பக்கம் போக வேண்டியது என்றார்கள். சட்டப்படி சரிதான். எரிச்சல் மட்டும் போகவில்லை.

வேலை இல்லாத அந்த மாதங்களில் உண்மையில் கைகொடுத்தது பாலிசி இல்லை, வங்கியிடம் முன்கூட்டியே போய்ப் பேசியதுதான். ஒரு ஈஎம்ஐகூட பவுன்ஸ் ஆவதற்கு முன் போய், வேலை போய்விட்டது, கடன் காலத்தை நீட்டித்து மாதத் தவணையைக் குறையுங்கள் என்று எழுத்தில் கொடுத்தோம். இழுத்தடித்தார்கள், ஆனாலும் செய்தார்கள். பவுன்ஸ் ஆகத் தொடங்கிவிட்டால் பேச்சின் தொனியே மாறிவிடும். 90 நாள் பாக்கி விழுந்தால் அது வாராக் கடன், அதன் பிறகு வீட்டை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ். அந்தப் பக்கம் போகவே விடாதீர்கள். ஈஎம்ஐ கட்ட ஆப்பில் பெர்சனல் லோன் எடுப்பதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

லிங்க்ட்இனில் வேலை தேடுகிறேன் என்று போட்டதும் 'கன்சல்டன்சி'காரர்கள் மொய்ப்பார்கள். பதிவுக் கட்டணம், ஆவணச் சரிபார்ப்பு, மடிக்கணினிக்கு டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் ஃபோனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

இப்போது புதிதாக வீட்டுக் கடன் எடுப்பவர்களுக்கு: பாலிசி கைக்கு வந்ததும் விலக்குகள் என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறிய பிடித்தம் போக பிரீமியம் திரும்ப வரும், கடனுக்கு ஒன்றும் ஆகாது. வங்கிக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பாலிசியோடு ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு இன்னொன்று. 2024இல் வேலை கிடைத்த பிறகு கடனை வேறு வங்கிக்கு மாற்றினோம். பழைய கடன் முடிந்தால் மீதிக் காலத்துக்கான பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று என் பாலிசியின் உள்ளேயே ஒரு வரி இருந்தது. பழைய வங்கி அதைப் பற்றி மூச்சே விடவில்லை. நானே படித்துக் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் தந்தார்கள். உங்கள் பாலிசியிலும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிளையில் போய் நிற்காமல் காப்பீட்டு நிறுவனத்துக்கே நேராக எழுதுங்கள், கடன் முடிந்ததற்கான கடிதத்தையும் ரத்து செய்த காசோலை ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.