கரைசலைக் கற்றுத்தரும் ஒரு வேதியியல் பெட்டி

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காகப் பாரிமுனையில் ஆய்வகப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் இந்தச் சோதனைப் பெட்டியை 650 ரூபாய்க்கு வாங்கி ஒரு மாதமாகிறது. படிகாரம், மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), மூன்று கண்ணாடிக் குவளைகள், ஒரு கலக்குக்கோல், 32 பக்கக் கையேடு ஆகியவை உள்ளே இருந்தன.

கையேட்டின் முதல் பாடத்துக்காகவே பெட்டியை வாங்கலாம். கரைப்பானில் கரைபொருள் கரைந்தால் கிடைப்பது கரைசல் என்ற வரையறையோடு நின்றுவிடாமல், சொல் பிறந்த இடத்துக்கும் அது அழைத்துச் செல்கிறது. கரைப்பானைக் குறிக்கும் சால்வென்ட், கரைசலைக் குறிக்கும் சொல்யூஷன் ஆகிய ஆங்கிலச் சொற்கள் ‘அவிழ்த்தல்’, ‘தளர்த்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தவை. கணக்குக்குக் கிடைக்கும் விடையையும் குவளையிலுள்ள உப்புநீரையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் அழைப்பது அதனால்தான். அங்கே சிக்கல் அவிழ்கிறது. இங்கே உப்பின் அயனிகளை, அதாவது மின்னூட்டம் கொண்ட நுண்துகள்களை, நீர் மூலக்கூறுகள் பிரித்துச் சூழ்ந்துகொள்கின்றன. எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடையில் ட்யூபில் தடவும் ‘சொல்யூஷன்’ கூட ஒரு கரைப்பானில் கரைத்த ரப்பர்தான் என்று நான் சேர்த்துச் சொன்னேன்.

தமிழில் இவ்விரண்டும் தீர்வு, கரைசல் என்று தனித்தனியாக நிற்பது மாணவர்களுக்கு நல்வாய்ப்பு. “சர்க்கரை உருகிடுச்சு” என்று இதுவரை சொல்லிவந்த மகள், உருகுவதற்கு வெப்பம் வேண்டும், கரைவதற்கு இன்னொரு பொருள் வேண்டும் என்பதை இப்போது தானே விளக்குகிறாள்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். கரைசலுக்குக் கையேடு புளிக்கரைசலை எடுத்துக்காட்டாகத் தருகிறது. புளியிலுள்ள அமிலமும் சர்க்கரையும் நீரில் உண்மையாகவே கரைகின்றன. சதைத்துணுக்குகளோ கரையாமல் மிதந்து நிற்கின்றன. நாங்கள் புளித்தண்ணீரையும் படிகார நீரையும் அருகருகே அரை மணிநேரம் அசையாமல் வைத்தோம். முன்னதன் அடியில் பழுப்பு வண்டல் விரல் தடிமனுக்குப் படிந்தது. பின்னது தெளிவாகவே இருந்தது. அடுக்களைச் சொல்லுக்கும் அறிவியல் சொல்லுக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கையேடு ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

சோதனைகளுக்குக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். வேளச்சேரியில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் கரண்டியில் வற்றவைத்தபோது வெண்ணிற வளையம் ஒன்று மிஞ்சியது. கண்ணுக்குத் தெளிவாக இருந்த அந்த நீரே ஒரு கரைசல்தான். மயில்துத்தம் நச்சுப்பொருள் என்பதால் பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம். பெட்டியில் கையுறை இல்லை. அதைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.