ஆட்டுக்கொட்டிலுக்குக் காசு கொடுக்கும் முன் பலகையைச் சுரண்டிப் பாருங்கள்

புரட்டாதி பிறந்தால் எங்கள் பக்கம் கொட்டில் வேலைக்கு ஆள் பிடிப்பது பெரும்பாடு. மாரி தொடங்கும் முன் ஆடுகளைப் பரணில், அதாவது நிலத்திலிருந்து உயர்த்திப் போட்ட பலகைத் தளத்தில், ஏற்றிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரத்தை வைத்தே காசு பார்க்கிற சிலர் வன்னிக்குள் திரிகிறார்கள். போன வருடம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். விசுவமடு, தர்மபுரம், புதுக்குடியிருப்புப் பக்கம் கொட்டில் போட இருப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள்.

அம்மாவுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தவை இரண்டு மறிக்குட்டிகள். அவை வளர்ந்து, குட்டி போட்டு, பட்டி பெருகிவிட்டது. பழைய கிடுகுக் கொட்டிலில் இடம் இல்லை. தெரிந்த ஒருவர் மூலம் ஒரு கொந்தராத்துக்காரர் வந்தார். போனில் வரிசையாகப் படங்கள் காட்டினார். பத்தடிக்கு எட்டடி, நாலடி உயரத்தில் பரண், பனம்பலகைத் தளம், தகரக் கூரை. ஒரு இலட்சத்து எண்பதாயிரம் கேட்டார். "அம்மா, இது வைரம் பாஞ்ச பனை. உங்கட பேரப்பிள்ளையள் காலத்துக்கும் நிக்கும். பன்னிரண்டு ஆடு தாராளமாப் படுக்கும்" என்றார். மரம் எடுக்க வேண்டும் என்று ஒரு இலட்சத்து இருபதாயிரத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டு போனார்.

பலகைகள் வந்து இறங்கியபோது கரேல் என்று இருந்தன. கறையான் பிடிக்காமல் இருக்கக் கழிவு ஒயில் பூசியிருப்பதாகச் சொன்னார். எங்கள் ஊரில் கப்பு என்கிற தூணுக்கும் வளை என்கிற கூரை மரத்துக்கும் கழிவு ஒயில் பூசுவது வழக்கம்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உண்மையில் அந்த ஒயில் பலகையின் நிறத்தை மறைக்கத்தான் பூசப்பட்டிருந்தது. பனையில் வைரம் இருப்பது வெளிப்பக்கத்தில். அது கறுத்து, நாருநாராய் இறுகி இருக்கும். உள்ளே போகப் போக, சோறு என்று சொல்கிற வெளிறிய மெத்தென்ற பகுதிதான். இளம் பனை என்றால் வெளிப்பக்கமும் அதே கதிதான். எங்களுக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் அந்தச் சோற்றுப் பலகை. பின்னர் ஒரு பலகையைக் கழற்றிக் கத்தி நுனியால் சுரண்டியபோது, நகக்கண் அளவு ஆழத்துக்குக் கீழே மஞ்சளாய், நனைந்த தும்புபோல உரிந்து வந்தது. வைரப் பனையில் கத்தி வழுக்கும், இறங்காது.

இதில் இன்னொரு பெரிய கெடுதல், மரம் பச்சை. அடிக்கும்போது பலகைக்குப் பலகை அரை அங்குல இடைவெளி சரியாகத்தான் இருந்தது. குட்டிகள் நிற்கும் தளத்துக்கு அதற்கு மேல் போகக் கூடாது. வெயிலில் பலகை காயக் காய இடைவெளி அகன்றுகொண்டே போனது. ஒரு இரவு குட்டி கத்துகிற சத்தம் கேட்டு அம்மா ஓடிப் போனார். பின்னங்கால் முழங்கால்வரை இறங்கிச் சிக்கியிருந்தது. பலகையை நெம்பித்தான் எடுத்தோம். கால் முறிந்துவிட்டது. கால்நடை வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். குட்டி பிழைத்துக்கொண்டது, ஆனால் இன்றும் நொண்டுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நாலடி என்று பேசிய பரண் இரண்டரை அடிகூட வரவில்லை. கீழே குனிந்து புழுக்கை அள்ள முடியாது. மூத்திரமும் புழுக்கையும் தேங்கி, மழைக்காலத்தில் கொட்டிலுக்குள் போனாலே கண் எரியும். அந்தக் காற்றைத்தான் ஆடு இரவு முழுக்கச் சுவாசிக்கிறது. இருமல் வராமல் என்ன செய்யும்? கொங்கிறீற் போட்டு நட வேண்டிய கப்புகளை வெறும் மண்ணில் நட்டிருந்தார். தை மாதம் பார்க்கும்போது இரண்டு கப்பில் கறையான் மண் ஏறியிருந்தது.

கூரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திறந்த நீளப்பக்கத்தை வடகிழக்கு நோக்கி வைத்து, தாழ்வாரத்தையும் ஒரு சாணுக்கு வெட்டி விட்டார். வாடைக்காற்றோடு வருகிற மழை முழுவதும் உள்ளே. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் வாடைப் பக்கத்தைத் திறந்து வைத்துக் கட்டுகிறவரை என்னவென்று சொல்வது? தகரத்தை அடித்த அன்றே மிச்சக் காசையும் வாங்கிவிட்டார். அன்றிரவு அம்மா பழைய தறப்பாளைத் தேடிக் கட்டினார்.

இடக்கணக்கும் பொய். வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் பத்துச் சதுர அடியாவது வேண்டும், கிடாய்க்கு அதைவிட அதிகம். எண்பது சதுர அடியில் எட்டு ஆடு படுக்கலாம், அவ்வளவுதான். குட்டிகள் நாளை வளரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

கேட்கப் போனால் போன் எடுக்கவில்லை. அப்புறம் வேறு இலக்கத்தில் இருந்து எடுத்தபோது, "மரத்துக்கு நான் பொறுப்பில்லை, தங்கச்சி" என்றார். மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்தோம். பற்றுச்சீட்டு எதுவும் அவர் தந்திருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அவரே அனுப்பிய குரல் பதிவுகளில் உயரமும் விலையும் தெளிவாக இருந்ததால்தான் மறுக்க முடியாமல் போனது. கொஞ்சப் பணம் திருப்பித் தந்திருக்கிறார், மீதிக்குத் தவணை கேட்டிருக்கிறார். விடயம் முடியாததால் பெயரை இங்கே போடவில்லை.

மரத்தை நீங்களே மரக்காலையில் பார்த்து வாங்குங்கள், ஒயில் பூசும் முன். பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பதால், அந்தப் பத்திரத்தைக் கேளுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். வேலைக்கு மட்டும் ஓடாவிக்குக் கூலி பேசி, கப்பு நட்ட பிறகு ஒரு பங்கு, தளம் முடிந்த பிறகு ஒரு பங்கு என்று கொடுங்கள். கடைசிப் பங்கை ஒரு மழை பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே எழுதி வாங்குங்கள். நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், வாடைப் பக்கம் அடைப்பாக இருக்கட்டும். அளவு தெரியாவிட்டால் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள், ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

ஏற்கெனவே ஒயில் பூசிய பலகையில் தளம் போட்டிருப்பவர்கள், மழைக்கு முன் ஒன்றைக் கழற்றி அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள். வெளிறிய பலகையாக இருந்தால், மாற்றும்வரை குட்டி ஈன்ற ஆட்டை அதன்மேல் விடாதீர்கள்.