மறுவிற்பனை ஹோஸ்டிங்கிற்கு எஸ்எஸ்எல்: இலவசமா, மலிவுக் கட்டணமா?

இணையதளங்களை வைக்கும் சர்வர் இடத்தை மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்பவரே ஹோஸ்டிங் மறுவிற்பனை செய்பவர். வாடிக்கையாளர் தளத்துக்கும் உலாவிக்கும் இடையிலான தகவலை மறையாக்க உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு அவர் முன் இரண்டு வழிகள் உள்ளன: லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் ஆணையம் வழங்கும் இலவசச் சான்றிதழ், அல்லது மொத்த விலையில் வாங்கி வாடிக்கையாளருக்கு விற்கும் கட்டணச் சான்றிதழ். மறையாக்கத்தின் வலிமையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அது சான்றிதழின் விலையைப் பொறுத்ததன்று, சர்வர் அமைப்பைப் பொறுத்தது.

உண்மையான வேறுபாடு நிர்வாகத்தில் இருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் பொதுவாக 90 நாள் செல்லுபடியாகும். சர்வரும் சான்றிதழ் ஆணையமும் பேசிக்கொள்ளும் ஏக்மி நெறிமுறை வழியாகத் தானாகவே புதுப்பிக்கப்படுவதால், நூறு வாடிக்கையாளர்கள் இருந்தாலும் கைவேலை குறைவு. ஆனால் வாடிக்கையாளர் டிஎன்எஸ்ஸை (தளப் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் பதிவுகளை) வேறிடத்திற்கு மாற்றிவிட்டால் புதுப்பித்தல் சத்தமின்றித் தோல்வியடையும் என்பதால், காலாவதியைக் கண்காணிக்கும் ஏற்பாடு கட்டாயம். 2018 முதல் வைல்ட்கார்டும் (ஒரு தளப் பெயரின் துணைப்பெயர்களை ஒரே சான்றிதழில் அடக்குவது) கிடைக்கிறது. அதற்கு, தளப் பெயர் கட்டுப்பாட்டில் உள்ளதை டிஎன்எஸ் வழியே நிரூபிக்க வேண்டும்.

கட்டணச் சான்றிதழின் பெரும் ஈர்ப்பாக இருந்தது நீண்ட ஆயுள். அதுவும் கரைந்து வருகிறது: சான்றிதழ் ஆணையங்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த மன்றத்தின் முடிவுப்படி, உச்ச வரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027இல் 100 நாள், 2029இல் 47 நாள் எனச் சுருங்குகிறது. ஆகவே ஆண்டுக்கொரு முறை கையால் நிறுவும் பழக்கத்தை நம்பி விலை நிர்ணயிப்பது அறிவுடைமையன்று.

நிறுவனப் பெயர் சரிபார்க்கப்பட்ட சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் வழங்குவதில்லை. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் அதைக் கேட்டால் மட்டும் கட்டண வகையை வாங்கிக் கொடுக்கலாம்; மற்றவர்களுக்கு இலவசமே போதும், என் தேர்வும் அதுவே.