வகுப்பறைச் சோதனைக்குச் சூடு: ஸ்பிரிட் விளக்கா, மெழுகுவத்தியா, பிளாஸ்க் வெந்நீரா?

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அறிவியல் பாடத்தில் சூடு தேவைப்படும் இடங்கள் கொஞ்சம்தான்: கரைதல், உருகுதல், ஆவியாதல், காற்று விரிதல், எரிதல். எரிதலைத் தவிர மற்ற நான்குக்கும் தீயே வேண்டாம், ஒரு பிளாஸ்க் வெந்நீர் போதும் என்பது எங்கள் கட்சி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல்கூடத்துத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. பள்ளியில் தீ என்றாலே தலைமையாசிரியர் தயங்குவதில் நியாயம் உண்டு. அந்தத் தயக்கத்தில் சோதனையையே கைவிட்டு, பாடத்தை வாசித்து முடித்துவிடுவதுதான் சரியில்லை.

ஸ்பிரிட் விளக்கு

இதை விரைவாகத் தள்ளிவிடலாம். கரி படியாது, சோதனைக்குழாய் சீக்கிரம் சூடேறும். நல்ல குணம் அவ்வளவுதான். தீயின் நிறம் வெளிர்நீலம் என்பதால், ஜன்னல் வழியே வெயில் விழும் அறையில் விளக்கு எரிகிறதா அணைந்ததா என்றே தெரியாது. ஸ்பிரிட்டின் ஆவி 15 டிகிரி செல்சியஸை ஒட்டியே பற்றக்கூடியது. மதுரையில் மார்கழி விடியலில்கூட வகுப்பறை அதைவிடச் சூடாக இருக்கும். அதனால் சிந்திய ஸ்பிரிட் எந்த நாளும் ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். சூடு ஆறாத விளக்கில் மீண்டும் ஊற்றும்போதுதான் பெரிய விபத்து நேரும். தீ புட்டிக்குத் தாவி, எதிரே நிற்பவர்மேல் பாயும்.

ஆசிரியர் மட்டும் தன் மேசையில் வைத்துப் பயன்படுத்துவதானால், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. கால் பங்குக்குக் கீழே இறங்கவும் விடக் கூடாது. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஊதாமல் மூடியால் அணைத்து, ஒருமுறை திறந்து மூட வேண்டும், இல்லாவிட்டால் மூடி இறுகிக்கொள்ளும். பிள்ளைகள் கையில் இதற்கு இடமில்லை.

மெழுகுவத்தி

எரிதலைச் சொல்லித்தர இதுதான் சரி. அகல் விளக்கு எல்லா வீட்டிலும் உண்டே என்று தோன்றலாம், ஆனால் தட்டிவிட்டால் சூடான எண்ணெய் கொட்டும். கட்டையான குட்டை மெழுகுவத்தியை எவர்சில்வர் தட்டில் இரண்டு விரல் உயரம் பரப்பிய மணலில் ஊன்றுங்கள். உருகிய மெழுகைச் சொட்டி ஒட்டவைத்தால் கை பட்டதும் சாயும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். அதனால் மார்ச் மாதத்து மதியத்தில் இந்தப் பாடம் வேண்டாம், காலை முதல் பாடவேளையில் முடித்துவிடுங்கள். ரெட்டை ஜடை மடித்துக் கட்டியிருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த சீருடை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும் என்பதால், முழங்கைக்கும் தட்டுக்கும் இடைவெளி விடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஈரச் சாக்கும் இருக்கட்டும்.

தட்டில் நீர் ஊற்றி, எரியும் மெழுகுவத்திமேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். ‘ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு, அது தீர்ந்த இடத்துக்கு நீர் ஏறுகிறது’ என்று விளக்குவது வழக்கம். அது தப்பு. ஆக்சிஜன் முழுவதும் தீருமுன்பே தீ அணைந்துவிடும். உற்றுப் பார்த்தால், எரியும்போது நீர் அதிகம் ஏறுவதில்லை, அணைந்த பிறகே சட்டென ஏறுகிறது. சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி முதலிலேயே வெளியேறியிருக்கும், மீதி குளிர்ந்து சுருங்கும், வெளிக்காற்று நீரை உள்ளே தள்ளும். ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்தி வைத்துப் பாருங்கள்: டம்ளரில் இருக்கும் ஆக்சிஜன் கூடவில்லை, நீரோ இன்னும் உயரமாக ஏறும்.

பிளாஸ்க் வெந்நீர்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கப்பட்டது. பள்ளியிலேயே சமைக்கும் கிராமங்களில் காலையிலேயே அடுப்பு எரிகிறது, ஒரு லிட்டர் வெந்நீர் கேட்டு வாங்குவது பெரிய காரியமில்லை. பொதுச் சமையல்கூடத்திலிருந்து சாப்பாடு வரும் நகரப் பள்ளிக்கு மின் கெட்டில் போதும்.

60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும், குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். பிள்ளைகள் கைக்குப் போகும் நீர் 50 டிகிரியைத் தாண்டக் கூடாது. 90 டிகிரி வெந்நீர் ஒரு பங்கு, 30 டிகிரி நீர் இரண்டு பங்கு கலந்தால் சரியாக 50 வரும். ஒரு லிட்டர் பிளாஸ்க் மூன்று லிட்டராகும், நாற்பது பேருக்கும் தாராளம். இந்தக் கணக்கைக் கெடுப்பது மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டி. வெயிலில் அந்த நீரே 38 டிகிரி இருந்தால் கலவை 55-ஐத் தாண்டிவிடும். மண்பானை நீரை எடுங்கள், கலந்தபின் அளந்து பாருங்கள். கலப்பது ஆசிரியர் வேலை.

அளக்கச் சிவப்பு ஆல்கஹால் வெப்பமானி வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானி 42 டிகிரி வரைதான். வெந்நீரில் முக்கினால் உடைந்து பாதரசம் சிந்தும்.

பலூன் சோதனையில் பலரும் ஏமாறுவார்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை 50 டிகிரி நீரில் வைத்தால் உள்ளே காற்று 30 மில்லிலிட்டர் அளவுக்குத்தான் விரியும். பலூன் உப்பாது, தலை நிமிரும், அவ்வளவே. முன்கூட்டி ஊதித் தளர்த்திய பலூன் என்றால்தான் அதுவும். பெரிதாக்கிக் காட்டக் கொதிநீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கி, காற்றும் சுருங்கியதாகப் பிள்ளைகள் எழுதுவார்கள். உருகுதலுக்கு வெண்ணெய் எடுங்கள். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகிவிடும், நம்மூரில் அது உறைந்து கிடப்பதே அபூர்வம். மெழுகோ 50 டிகிரி நீரில் அசையாது.

கரைதலுக்குச் சர்க்கரையைவிடப் பனங்கற்கண்டு மேல். பழுப்புக் கோடு இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஒரு டம்ளரில் வெந்நீர், இன்னொன்றில் சாதா நீர்: இரண்டிலும் 100 மில்லிலிட்டர், ஒரே அளவுத் துண்டு, கலக்கக் கூடாது.

யார்மீதாவது வெந்நீர் பட்டால் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதானால் 108.

எதில் என்ன மதிப்பிட முடியும்?

ஸ்பிரிட் விளக்கில் ஆசிரியர் செய்வார், பிள்ளை பார்க்கும். மிஞ்சுவது ‘என்ன கண்டாய்?’ என்ற எழுத்துக் கேள்வி. அதற்கு நோட்ஸைப் பார்த்தும் விடை எழுதலாம். மெழுகுவத்தியில் ‘நீர் எப்போது ஏறியது, எரியும்போதா அணைந்த பிறகா?’ என்று கேட்டால், கவனித்தவர் யார், மனப்பாடக்காரர் யார் என்று பிரிந்துவிடும். வெந்நீரில்தான் செய்முறையையே மதிப்பிட முடியும்: துண்டுகளைச் சமமாக எடுத்தாரா, இரண்டிலும் ஒரே நேரத்தில் போட்டாரா, முன்கூட்டி ஊகம் சொன்னாரா? வெந்நீருக்குச் சின்னத் துண்டாகப் பார்த்துப் போடும் கை நிச்சயம் ஒன்று இருக்கும்.

நாற்பது பேரையும் ஒரே வேளையில் கவனிக்க முயன்றால் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண்தான் விழும். எட்டுக் குழுவில் ஒரு வேளைக்கு இரண்டு குழு மட்டும், ஒரு பிள்ளைக்கு ஒரு குறி: தானாகச் செய்தால் ‘தா’, கேட்டுச் செய்தால் ‘கே’, செய்யவில்லை என்றால் கோடு. நான்கு சோதனையில் வகுப்பு ஒரு சுற்று முடியும், வளரறி மதிப்பீட்டு (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) பதிவேட்டுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.