மூன்றாவது பெடலுக்கு மூவாயிரம் பவுண்டு

பதினொரு நாள் கழித்து காரைத் திரும்ப எடுக்கப் போனபோது என் இடது காலுக்கு மறுபடியும் வேலை கிடைத்திருந்தது. 2004ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. எம்3, இ46 தலைமுறை. கிளட்ச் பெடல் இல்லாத எஸ்எம்ஜி கியர்பாக்ஸுடன் வாங்கியதை மூன்று பெடல் காராக மாற்றித் தந்தது இங்கிலாந்தில் கவென்ட்ரி அருகே ஒரு பட்டறை. குறையும் சொல்லப் போவதால் பெயரைச் சொல்லவில்லை.

எஸ்எம்ஜி காரை எல்லோரும் ஆட்டோமேட்டிக் என்கிறார்கள். பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்பதுவரை அது சரி. ஆனால் அடியில் இருப்பது மேனுவல் எம்3யில் வரும் அதே கெட்ராக் நிறுவனத்து ஆறு கியர் பெட்டி. கிளட்ச்சும் உண்டு. நம் காலும் கையும் செய்கிற வேலையை ஹைட்ராலிக் பம்ப் செய்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் காரில் மாற்றம் கட்டுப்படியாகிறது. கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வைத்த அசல் ஆட்டோமேட்டிக்காக இருந்தால் கியர்பாக்ஸையே தூக்கிப்போட்டுவிட்டு வேறு தேட வேண்டும்.

பந்தயத் தடத்தில் எஸ்எம்ஜி நன்றாகவே இருக்கும். எடை குறைத்த சிஎஸ்எல் மாடலை 2003இல் எஸ்எம்ஜியோடு மட்டும்தான் விற்றார்கள். நான் போவதோ ஞாயிறு காலை காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம், ஒரு காபிக்கு. நிமிடத்துக்கு 8,000 சுற்றுவரை ஏறும் அந்த 3.2 லிட்டர் எஞ்சினுக்கு நானே கியர் போட வேண்டும் என்ற ஆசைதான். வேறு நியாயம் இல்லை.

மூன்று பட்டறைகளில் ஒரே கேள்வியைக் கேட்டேன்: கியர்பாக்ஸுக்குள் இருக்கும் டிடென்ட்களை மாற்றுவீர்களா? டிடென்ட் என்பது கியர் ராடை நடுவுக்குத் திருப்பும் ஸ்பிரிங் அமைப்பு; எஸ்எம்ஜி பெட்டியில் அது மேனுவலைப் போல இருக்காது. பம்புக்கு அது தேவையில்லை, கைக்குத் தேவை. மாற்றாமல் விட்டால் நியூட்ரலில் ராடு சாம்பார் வாளிக் கரண்டி போல எந்தப் பக்கமும் சாயும். இரண்டு பேர் “தேவைப்படாது” என்றார்கள். கவென்ட்ரிக்காரர் மட்டும் “அதைச் செய்யாமல் காரை வெளியே விடுவதில்லை” என்றார். அந்தப் பதிலுக்காகவே கொடுத்தேன். இப்போது ராடை 1-2 பக்கம் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் ‘டக்’ என்று 3-4 வரிசைக்கு வந்து நிற்கிறது. நின்ற காரில் இதைப் பத்துத் தடவை செய்து பார்த்தேன்; பக்கத்து இருக்கையில் மனைவி கைப்பேசியை எடுத்துக்கொண்டாள்.

பில் 3,240 பவுண்டு. பெடல் தொகுதி பழைய காரிலிருந்து எடுத்தது. கிளட்ச், ரிலீஸ் பேரிங், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் புதியவை. பெட்டியை இறக்கிய பிறகு இவற்றில் கஞ்சத்தனம் பார்ப்பது முட்டாள்தனம். எஞ்சின் கணினியை மேனுவலுக்கு மாற்றியதும் இதில் அடக்கம். கழற்றிய பம்பையும் கியரைத் தள்ளும் ஆக்சுவேட்டரையும் கேட்டு வாங்கி விற்றதில் 600 பவுண்டு திரும்பியது. நாமாகக் கேட்டால்தான் தருவார்கள்.

இனி குறை. நான்கு நாள் என்றது பதினொன்றானது. ஒரு தடவைகூட அவர்களாக அழைத்துச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்தால் பின்விளக்கு எரியவில்லை. சுவிட்சின் ஒயரை இணைக்க மறந்திருக்கிறார்கள். அதற்காக மறுபடியும் 40 மைல். ராடின் அடியில் இருக்கும் தோலுறை ஒரு பக்கம் கிளிப்பில் மாட்டாமல் கிடந்தது. விரலை வைத்தால் காற்று வந்தது. பெட்டிக்குள் யாரும் பார்க்காத இடத்தில் அத்தனை ஒழுங்கு, கண்முன்னால் இப்படி.

காப்பீட்டு நிறுவனத்துக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் பழைய நிறுவனம் இனி முடியாது என்றது, வேறொன்றுக்கு மாறினேன். மறுவிற்பனை விலையை நம்பியும் இறங்காதீர்கள். தொழிற்சாலைப் பதிவில் இது என்றைக்கும் எஸ்எம்ஜி கார்தான், வாங்க வருபவர் அதைப் பார்ப்பார்.

எஸ்எம்ஜியில் விரலால் இழுத்து கியர் மாற்றிய, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்புகளை (பேடில்) மட்டும் அப்படியே விடச் சொன்னேன். இணைப்பு கிடையாது. ஆனாலும் வளைவுக்கு முன் என் இடது விரல்கள் இன்னும் ஒன்றை இழுத்துப் பார்க்கின்றன. ஒன்றும் நடக்காது. அப்புறம்தான் கை ராடைத் தேடி இறங்குகிறது.