இழுத்தோடும் குதிரைக்குக் காட்டுப்பாதையில் எந்தக் கடிவாளம்?

வேலிக்குள் அடக்கமாக நடக்கும் குதிரையே, காட்டுப்பாதையில் முன்னே செல்லும் குதிரை வேகமெடுத்தால் கழுத்தை நீட்டி இழுத்துக்கொண்டு ஓடுவதுண்டு. இன்னும் கடுமையான கடிவாளம் வாங்கினால் சரியாகிவிடும் என்றே பலரும் முதலில் நினைக்கிறார்கள். குறுகலான மலைப்பாதையில் குதிரையின் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைக்கவும், அது அடங்கிய கணமே பிடியைத் தளர்த்தவும் எது இடம்கொடுக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது.

இந்த அளவுகோலில், வாய்க்கம்பியின் இரு முனை வளையங்களிலும் ஓட்டுபவர் பிடிக்கும் வார்கள் நேரடியாகப் பூட்டப்படும் ஸ்னாஃபிள் கடிவாளம் முன்னிற்கிறது. அதில் நெம்புகோல் அமைப்பு இல்லாததால் கை இழுக்கும் அளவுக்குத்தான் வாயில் அழுத்தம் விழும். ஒரு பக்கத்து வாரை மட்டும் பக்கவாட்டில் இழுத்தால் தலை குழப்பமின்றித் திரும்பும். வளையம் வாய்க்குள் இழுபடாதபடி இருபுறமும் நீண்ட தண்டு கொண்ட வகை இதற்கு மிகப் பொருத்தம். ஆனால் குதிரை தலையை மேலே தூக்கிவிட்டால், பல்லில்லாத ஈறின் மீது அமர வேண்டிய கம்பி கடைவாய்க்கு ஏறிவிடுகிறது. பிறகு எவ்வளவு இழுத்தாலும் பயன் குறைவு. வார்கள் வளையங்களுக்குள் ஓடும் மார்டிங்கேல் (தலை மிகையாக உயராமல் தடுக்கும் பட்டை) இதைப் பெருமளவு சரிசெய்யும். மூக்குப்பட்டையோடு நேராகக் கட்டப்படும் நிலை மார்டிங்கேலைப் பாதையில் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் ஆழமான ஓடையைக் கடக்கும்போதும் கால் இடறும்போதும் குதிரைக்குத் தலையை உயர்த்தும் சுதந்திரம் வேண்டும்.

நெம்புகோல் தண்டுள்ள பெல்ஹாம் கடிவாளம் இரண்டு சோடி வார்களுடன் வருகிறது. மேல்வார் ஏறக்குறைய ஸ்னாஃபிளைப் போல வேலை செய்ய, கீழ்வாரை இழுத்தால் தண்டு நெம்புகோலாகித் தாடைச் சங்கிலி இறுகி, பிடரியிலும் அழுத்தம் விழும். சாதாரண நேரத்தில் மேல்வாரில் ஓட்டி, தேவைப்பட்டால் மட்டும் கீழ்வாரைத் தொடலாம் என்பதே இதன் சிறப்பு. தண்டு ஏறத்தாழ 45 பாகை சாயும்போது சங்கிலி படுமாறு பொருத்த வேண்டும். இரு வார்களையும் தோல்பட்டையால் இணைத்து ஒரே சோடி வாராக்குகிறவர்கள் அந்தச் சிறப்பைத் தாங்களே கைவிடுகிறார்கள். ஒரே சோடி வாருள்ள கிம்பிள்விக் என்ற கடிவாளத்துக்கும் கிட்டத்தட்ட அதே நிலைதான்: நிறுத்துவது எளிது, திருப்புவது மந்தம்.

வாய்க்கம்பியே இல்லாத இயந்திர ஹேக்கமோர், வாய்ப்புண் அல்லது பல் தொல்லை உள்ள குதிரைக்கு வரப்பிரசாதம். நெடும்பயணத்தில் மேயவும் நீர் அருந்தவும் தடையில்லை. கம்பி இல்லை என்பதாலேயே அதை மென்மையானது என்று கருதக் கூடாது. நீண்ட தண்டுகள் மூக்கையும் தாடையையும் வன்மையாக நெரிக்கக்கூடியவை. மூக்குப்பட்டை சற்றே கீழிறங்கி மென்குருத்தெலும்பின் மீது அமர்ந்தால், வாயால் மூச்சுவிட இயலாத விலங்கான குதிரைக்குச் சுவாசம் தடைபடும். பக்கவாட்டில் திருப்புவதிலும் இது பலவீனமானது என்பதால், இழுத்தோடும் பழக்கமுள்ள குதிரைக்கு நான் இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

வட இந்தியத் திருமண ஊர்வலக் குதிரைகளின் வாயில் காணப்படும் முள் கடிவாளம் இந்த ஒப்பீட்டிற்குள் வரவே தகுதியற்றது. 1965ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்பு விதிகள் அதைத் தடைசெய்துள்ளன. வலி தாங்காத குதிரை நிற்பதைவிட வலியிலிருந்து ஓடுவதற்கே வாய்ப்பு அதிகம்.

ஆகவே, வாய்க்கம்பியில் இரு மூட்டுள்ள ஸ்னாஃபிளும் ஓடும் மார்டிங்கேலும் தொடக்கத்திற்குப் போதுமானவை. இருக்கை நிலைத்து, கை தனித்து இயங்கக் கற்றவர் மட்டும் பெல்ஹாமுக்கு மாறலாம். எதை வாங்குமுன்னும் பல்லையும், சேணம் முதுகில் அழுத்தும் இடங்களையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், ஏனெனில் முதுகுவலியால் ஓடும் குதிரைக்குக் கடிவாளத்தை மாற்றுவது வீண்செலவு. புதிய கடிவாளத்தை முதலில் வேலியடைத்த திடலில் மாட்டி, நடை, துள்ளுநடை, ஓட்டம் மூன்றிலும் ஒரு பக்கத்து வாரால் மட்டும் நிறுத்திப் பார்த்த பிறகே பாதையில் இறங்குங்கள். முதல் பயணத்தில் உடன் வரும் குதிரை நிதானமானதாக இருக்கட்டும்.